மூன்று என்றால் நன்று

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

வாசல் கேட்டின் கீல் இன்றைக்கும் கத்திற்று. எண்ணெய் விட வேண்டும் என்று நினைப்பதோடு சரி.

காலையில் நிஷ்மியா வந்தாள், இளையோர் வீட்டுத் திட்டத்து அலுவலகப் பெண். சிறுவர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பதினெட்டு வயதானதும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். போக இடமில்லாமல் நிற்கிறவர்களுக்கு நல்ல வீடுகளில் அறை பிடித்துக் கொடுத்து, வாடகையையும் கொஞ்ச காலம் கட்டுவது இவர்கள் வேலை. பிரதீபா என் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். போன ஜூனில் வந்தாள். இரத்தோட்டையில் ஒரு கராம்பு, கறுவா ஸ்டோரில் பொதி கட்டுகிறாள். மாலை பஸ்ஸில் வந்து இறங்கினால் வாசனை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும்.

நான் வாடகைக்காக அறை விடவில்லை. போஸ்ட் மாஸ்டர் வீடு என்று இன்னமும் சொல்கிறார்கள். அந்தப் பெயர் போதும் எனக்கு. என் புருஷன் இறந்த பிறகு அவர் அறை சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற எதையும் பார்க்க எனக்குப் பிடிக்காது.

நிஷ்மியா கையில் கேள்விகள் ஏற்றிய ஒரு டெப் கணினி. "இந்தத் திட்டத்தால புள்ளைங்களுக்கு உண்மையிலே பிரயோசனம் ஈக்கா இல்லையான்னு அளக்கணும் டீச்சர். ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் புள்ளி போடுங்க."

சுத்தத்துக்கு நான்கு கொடுத்தேன். நேரந்தவறாமை, அயலவரோடு பழக்கம், வீட்டில் நிம்மதியாக இருக்கிறாரா, எல்லாவற்றுக்கும் மூன்று. 'தன் தேவையை வாய்விட்டுச் சொல்கிறாரா' என்பதற்கு இரண்டு. அவள் எதையும் கேட்டதில்லை. இல்லாததற்கு எப்படிப் புள்ளி போடுவது?

"யோசிச்சுத்தானே போடுறீங்க டீச்சர்?"

"முப்பத்திரண்டு வருஷம் புள்ளி போட்ட கைம்மா இது."

போகும்போது ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

பெப்ரவரி 12, புதன்

பௌர்ணமி, போயா விடுமுறை. பிரதீபா ஏழு மணி வரை தூங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா?

பெப்ரவரி 16, ஞாயிறு

ஒன்றிலும் மனம் பதியவில்லை. கதிரையை ஜன்னலுக்கு இழுத்தேன், வெளிச்சம் கூசிற்று. திரும்ப உள்ளே இழுத்தேன்.

பிரதீபா பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கி வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் நின்றாள். "உள்ள வரலாமா டீச்சர்?" வந்த நாளிலிருந்து இதே கேள்வி. வெளியே போய் வந்தால் கேட்பாள். முற்றத்தில் துணி காயப்போட்டுவிட்டு வந்தாலும் கேட்பாள். நான் "வா" என்ற பிறகுதான் கால் எடுத்து வைப்பாள். கொன்வென்ட்டில் நாங்களும் அப்படித்தான் நின்றோம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஸுபைதா உடுப்பு உதறிக்கொண்டிருந்தாள். "டீச்சர், அந்தப் புள்ள வூட்டுக்கு வருதா, பொலிஸுக்கு வருதா?"

அது மரியாதை என்றேன். "ம்ம்" என்றாள். அந்த 'ம்ம்' மத்தியானம் வரை காதில் இருந்தது.

பெப்ரவரி 27, வியாழன்

அலுவலகத்திலிருந்து தொலைபேசி. யாரோ ஒரு மேலதிகாரி. பிரதீபாவின் மதிப்பெண் குறைவாம். அவளை 'நிலைகொள்ளாதவர்' என்ற பிரிவில் போட்டிருக்கிறார்களாம். தனி வீடு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சரிவராது, மேட்ரன் கண்காணிக்கிற விடுதி ஒன்று குருநாகல் பக்கம் இருக்கிறது, மார்ச் கடைசியில் கூட்டிப்போகிறோம் என்கிறார்.

"ஆள் மாறிப் பேசுறீங்க. என் வீட்டில இருக்கிற பிள்ளை ஒரு குறையும் இல்லாத பிள்ளை."

"பிரதீபா தானே மிஸிஸ்? நீங்கதானே புள்ளி போட்டீங்க?"

என் வாழ்க்கையில் மற்றவர் எனக்கு முன்னால் தொலைபேசியை வைத்த முதல் நாள் இதுதான்.

குருநாகலிலிருந்து இரத்தோட்டைக்கு வேலைக்கு வர முடியுமா? முடியாது. அப்படியானால் வேலையும் போகிறது. மூன்றுக்காகவா? மூன்று நல்ல புள்ளி. எங்கள் கொன்வென்ட் சிஸ்டர் பெனடிக்டா கட்டுரைக்குப் பத்துக்கு ஏழுக்கு மேல் போட்டதே இல்லை. ஏழு வாங்கினவளை வகுப்பில் தோளில் தூக்காத குறை. நானும் அப்படித்தான் போட்டேன், என் பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். ஐந்து என்றால் குறையே இல்லை என்று அர்த்தம். குறையே இல்லாத மனுஷி யார்? நானா?

பெப்ரவரி 28, வெள்ளி

அவளிடம் எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் புரண்டு ஒரு வசனம் தயார் பண்ணியிருந்தேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலை இடத்துக்கே கோல் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சாயந்திரம் வந்து, வாசலில் நின்று, கேட்டு, உள்ளே வந்து, பாத்திரம் கழுவினாள். துடைத்துக் கவிழ்த்த பிறகு, திரும்பாமல் கேட்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?"

சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். நான். ஐம்பது பேர் வகுப்பை ஒரு பார்வையில் அடக்கினவள்.

"சொன்னீங்கன்னா திருத்திக்குவேன். ஹோம்ல இருந்தும் எதுக்கு அனுப்புறாங்கன்னு ஒருத்தரும் சொல்லல. வயசாயிடுச்சுன்னு மட்டும் சொன்னாங்க."

நீ ஒன்றும் பண்ணலம்மா, நான்தான் — என்று ஆரம்பித்தேன். அதற்குள் அறைக்குப் போய்விட்டாள். பின்னால் போனேன். சாமான் கட்டுவாள் என்று நினைத்தால், கட்ட ஒன்றுமில்லை. பேக் கட்டிலடியில் தயாராக இருக்கிறது. மேலே இரண்டு சட்டை, அடியில் மற்றது எல்லாம் மடித்தபடி. இன்றைக்குக் கட்டினது இல்லை அது. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. நான் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

நான் மூணுதானே போட்டேன். மூணுன்னா நல்லதுதானே? யாராவது என்கிட்ட கேட்டாங்களா, டீச்சர் உங்க மூணுன்னா என்னன்னு?

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்துக்குப் போனேன். சேலைக்கு இஸ்திரி போட்டு, குடை எடுத்து, ஓட்டோ பிடித்து. மாடிப்படி செங்குத்து. நிஷ்மியாவுக்கு நோன்பு, உதடு காய்ந்திருந்தது. அது தெரியாமல் "ஒரு டீ சொல்லட்டுமா உனக்கு?" என்று கேட்டுவைத்தேன். சிரித்தாள்.

என் புள்ளி முறையை விளக்கினேன். சிஸ்டர் பெனடிக்டாவிலிருந்து ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள், பிறகு டெப்பைத் திருப்பிக் காட்டினாள். பிரதீபா தன்னைப் பற்றியும் என் வீட்டைப் பற்றியும் தானே போட்ட புள்ளிகள். ஐந்து, ஐந்து, ஐந்து. கடைசி வரை ஐந்து.

"அப்போ இதைப் பார்த்திருக்கலாமே" என்றேன்.

"ஹோம்ல வளந்த புள்ளைங்க எல்லாம் இப்படித்தான் டீச்சர். யாராச்சும் வந்து கேட்டா எல்லாம் நல்லம்னு செல்லணும், செல்லாட்டி வந்தவங்க போன பொறகு பிரச்சின வரும். அதனால அவங்க போடுற அஞ்சை நாங்க கணக்குல எடுக்கிறதே இல்ல. உங்களத்தான் நம்பினோம். டீச்சராச்சே, சரியாப் போடுவாங்கன்னு."

சரியாகத்தான் போட்டேன்.

"எல்லாத்தையும் நாலா மாத்தித் தாறீங்களா? நான் திரும்ப ஏத்திடுறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

என் பிள்ளைகளில் ஒருத்தியின் தகப்பன் அரை மூட்டை மிளகோடு வந்து நின்றபோதுகூட நான் புள்ளியை மாற்றியதில்லை. இதை அவளிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. மிளகு மூட்டைக்காரன் மகளுக்கு வீடு இருந்தது.

"அப்ப நான் இன்னொரு தரம் வந்து பார்க்கிறேன்" என்றாள் நிஷ்மியா. "அதுக்கு மேல எனக்கு ஏலாது டீச்சர்."



மார்ச் 5, புதன்

மாற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நேற்றும் இன்றும் இது ஒன்றுதான்.

மார்ச் 9, ஞாயிறு

பிரதீபா வீட்டைத் தேய்க்கிறாள். நேற்று ஜன்னல் கம்பி. இன்று குசினிச் சுவர், பின்வாசல் படி, அவர் சாய்மனைக் கதிரையின் கால்கள். நான் எழும்பும் முன் தேநீர். உட்கார்ந்தால் எழும்புகிறாள், எழும்பினால் நிற்கிறாள். புள்ளி தேடுகிறாள். பார்க்கப் பொறுக்கவில்லை. "போதும் விடு" என்று அதட்டினேன். முகம் செத்துவிட்டது. அதட்டினதற்கும் புள்ளி குறையும் என்று நினைத்திருப்பாள்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். மூன்று போட்டது நான், எனக்கு மூன்று என்றால் நன்று என்றேன். கையிலிருந்த துணியைப் பிழிந்து வைத்தாள்.

"அப்ப அஞ்சுக்கு என்ன செய்யணும் டீச்சர்?"

ஸுபைதா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள். எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 12, புதன்

தேர். கோவில் சந்தி வரைக்கும் இரண்டு பேருமாகப் போய் நின்றோம். சனம் நெருக்கியதும் அவள் என் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள், என் கையை அல்ல. வரும் வழியில், "குருநாகல்ல இருந்து அடுத்த வருஷம் தேர் பார்க்க வரலாமா? பஸ் இருக்குமா?" என்றாள்.

இருக்கும் என்றேன். எனக்குத் தெரியாது.

மார்ச் 18, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நிஷ்மியா நான்கு மணிக்கு வந்தாள். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில். இந்தத் தடவை இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துக் கேட்கிறேன் என்றாள். முதல் கேள்வி பிரதீபாவுக்கு.

"அஞ்சு."

இரண்டாவது.

"அஞ்சு."

அதே குரல். மேசையைப் பார்த்துக்கொண்டு. நிஷ்மியா விரலால் தட்டித் தட்டி அடுத்ததற்குப் போகிறாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 'உங்கள் பொருட்களை வைக்க இடவசதி' என்று கேட்டாள். அவளும் "அஞ்சு" என்றாள். கட்டிலடியில் பேக்கை வைத்துக்கொண்டு அஞ்சு.

"பிரதீபா" என்றேன். வகுப்பறைக் குரல்தான் வந்தது, வேறு குரல் என்னிடம் இல்லை. "அஞ்சு என்றால் குறையே இல்லை என்று அர்த்தம். என் வீட்டில் குறையே இல்லையா? நன்றாக யோசித்துப் பதில் சொல்."

ஸுபைதா வீட்டுக் கோழி மதிலில் ஏறி இறங்கிற்று.

"ரெண்டு" என்றாள்.

நிஷ்மியாவின் விரல் நின்றுவிட்டது.

"ஏன் ரெண்டு?" நான்தான் கேட்டேன்.

"அலுமாரி பூட்டிக் கெடக்கு. ஐயாட கோட்டு இருக்குன்னீங்க, தொடாதேன்னீங்க. என் உடுப்பு பூரா பேக்லதான். மழைக்கு எல்லாம் பூஞ்சணம் புடிச்சுது. ரெண்டு தடவ."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தால் —"

"கேக்கப் பயம் டீச்சர்."

முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. மறைப்பானேன், கோபம்தான் வந்தது. பத்தொன்பது வயசுப் பிள்ளை என் வீட்டுக்கு ரெண்டு போடுகிறாள். ஆனால் வாய் திறந்தவள் மூடவில்லை.

"வாசல் கேட்டுக்கு ஒண்ணு. ஏழு மணிக்கு டாணுன்னு பூட்டிடுறீங்க. பஸ் பிந்தினா நான் என்ன பண்றது? ஐப்பசில ஒரு நாள் வெளியில நின்னேன், மழையில. நீங்க ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தீங்க. கூப்பிட்டேன், கேக்கல. ஸுபைதா ஆன்ட்டிதான் மதிலால ஏத்தி விட்டாங்க."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மதிலேறி வந்து, பிறகு கதவில் நின்று, 'உள்ள வரலாமா டீச்சர்' என்று கேட்டிருக்கிறாள். நானும் 'வா' என்றிருக்கிறேன்.

"சாப்பாடு நாலு" என்றாள். "ஞாயித்துக்கிழம மட்டும் மூணு. அந்தப் பூசணிக்காய்."

நிஷ்மியா டெப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். "பிரதீபா, இப்படிப் போட்டா உங்க மொத்தம் இன்னும் கொறையும். தெரியுமா? இவ்வளவு குறை ஈக்கிற வூட்டுல இருக்கிறத விட விடுதி நல்லந்தானே?"

"இல்ல."

சட்டென்று வந்தது அந்த இல்லை. இந்த வீட்டில் அவள் சொன்ன முதல் இல்லை.

"அங்க போக மாட்டேன். எனக்கு இங்கதான் இருக்கணும். அலுமாரியத் திறந்து தரச் சொல்லுங்க மிஸ். சாவி ஒண்ணு தரச் சொல்லுங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

பிறகு நிஷ்மியா என் பக்கம் திரும்பி, மெல்லக் கேட்டாள். "டீச்சர். தன் தேவையை வாய்விட்டுச் சொல்கிறாரா? போன தடவை ரெண்டு போட்டீங்க."

"பெப்ரவரி விடைத்தாளுக்கு இரண்டுதான்" என்றேன். "அதை மாற்ற மாட்டேன். இது மார்ச். ஐந்து போடு."

என் கையால் வாழ்நாளில் விழுந்த முதல் முழுப்புள்ளி. போட்ட பிறகு எழுந்து குசினிக்குப் போய், தேவையில்லாமல் ஒரு டம்ளரைக் கழுவினேன்.

மார்ச் 19, புதன்

பதில் வரவில்லை. அலுமாரிச் சாவி தையல் பெட்டிக்குள் இருக்கிறது. எடுத்தேன். வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

திறந்தோம். பூச்சியுருண்டை எல்லாம் கரைந்து வெறும் வாசனைதான் மிச்சம். அவர் கோட்டுகள் மூன்று. போஸ்ட் ஒஃபிஸுக்கு மாற்றி மாற்றிப் போட்டவை. வெயிலில் விரித்ததும் பிரதீபா ஒன்றைத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். முதுகு முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

"இது இனிச் சரிவராது டீச்சர். பூச்சி அரிச்சிருக்கு. பட்டன் மட்டும் நல்ல பட்டன்."

என் புருஷன் கோட்டைப் பற்றி என் முற்றத்தில் நின்று சொல்கிறாள். வாயைத் திறந்தேன். கோட்டைப் பார்த்தேன். சரிவராதுதான்.

நல்லதாக இருந்த ஒன்றை என் பெட்டியில் வைத்தேன். மற்ற இரண்டின் பட்டன்களை அவளே கத்தரித்தாள். அவள் உடுப்பு இரண்டு தட்டுக்குக்கூட வரவில்லை. பேக்கை மட்டும் காலியாக மடித்துத் திரும்பக் கட்டிலடியில் வைத்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் பதில் வரவில்லையே.

மார்ச் 27, வியாழன்

அதே மேலதிகாரி. மொத்தப் புள்ளி போன தடவையை விடக் குறைவுதான், ஆனால் கள உத்தியோகத்தர் நீண்ட குறிப்பு எழுதியிருக்கிறார், பிள்ளையே இருக்க விரும்புவதாகச் சொல்லியிருப்பதால் மாற்றவில்லை, செப்டெம்பரில் மறுபடி அளப்போம் என்றார். "மிஸிஸ், அடுத்த முறை கொஞ்சம் தாராளமாகப் போடுங்க" என்றும் சொன்னார்.

"உங்கள் அளவுகோலைக் கொஞ்சம் பாருங்கள்" என்றேன். இந்தத் தடவை தொலைபேசியை முதலில் வைத்தது நான்.

பஸ் ஏறும் முன்பே அவளுக்குச் செய்தி போயிருக்கும். வந்ததும் என்ன சொல்வாள் என்று கேட்டுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். வந்தாள். வாசலில் நின்றாள். "உள்ள வரலாமா டீச்சர்?"

இன்னமும்.

மார்ச் 28, வெள்ளி

சாவி வெட்டுகிற கடையில் கேட்டுக்கு இன்னொரு சாவி வெட்டுவித்தேன். மேசையில் வைத்தேன். அவள் எடுத்தாள்.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். ஸுபைதா வட்டிலப்பம் கொடுத்தாள். வேலைக்குப் போயிருந்த பிரதீபா வந்த பிறகு இரண்டு துண்டு தின்றாள். பஸ் பிந்தி ஏழரைக்கு வந்தாள். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. ஆனால் கதவில் நின்று கேட்டாள். "வா" என்று சொல்லவில்லை நான். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவுமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தானே வந்தாள்.

கொன்வென்ட்டில் யாராவது என்னை இப்படிக் காக்கவைத்திருந்தால் அழுதிருப்பேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நிஷ்மியா கோல் எடுத்திருந்தாள், என் பெருநாள் வாழ்த்துக்குப் பதில் சொல்ல. "புள்ள எப்படி டீச்சர்?"

குசினியிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. சம்பலில் உப்புக் கூடிவிட்டதாம். தேங்காய் துருவுகிற பலகை ஆடுகிறதாம். கேட்டுக்கு எண்ணெய் விட இந்த வீட்டில் ஒருத்தரும் இல்லையா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டுமாம். வரும்போது தெருவே திரும்பிப் பார்க்கிறதாம். கடைக்குப் போனவள் எப்போது உள்ளே வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

"குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நிஷ்மியா.

சம்பலை ருசி பார்த்தேன். உப்புச் சரியாகத்தான் இருக்கிறது. போய்ச் சொல்ல வேண்டும்.